உயிரும் நுண்ணுடம்பும்



கொடியேற்றம் முதல் தீர்த்தவாரி ஈறாகத் திருக்கோயிலில் நிகழும் விழாக்கள் யாவும் உயிர்களின்பொருட்டே நிகழ்வன என்பர் பெரியோர். படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்னும் ஐந்தொழிலும் இறைவன் தனக்கென ஒரு பயன் கருதிச் செய்வன அல்ல. உயிர்கள் உய்தற்பொருட்டே செய்வன. ஆதலின், உயிர் என்பது யாது என்னும் வினா, கற்றோர் அவையில் மட்டும் வைத்துப் பேசி முடிக்கும் வினா ஆகாது. தேர்வடத்தைப் பற்றியிழுக்கும் ஒவ்வொருவரும் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா அது.

இல்லத்தில் அன்புடையார் ஒருவர் மறைந்த நாளில் இவ்வினா தானாகவே எழுகின்றது. நேற்றுவரை நம்மோடு உரையாடியவர் இன்று இல்லை. உடல் மட்டும் கிடக்கின்றது. அதனை நெருப்பிலிட்டபின் அந்தியேட்டி செய்கின்றோம். திருக்கோயிலில் மோட்ச தீபம் ஏற்றுகின்றோம். யாருக்காக ஏற்றுகின்றோம்? உடலை விட்டுப் போனது ஒன்று உண்டாயின் அது யாது? அது எதனை ஊர்ந்து போயிற்று? அவ்வாறு ஒன்றும் போகவில்லையாயின் வினைப்பயனை நுகர்பவர் யார்? இவற்றிற்கு விடை தெளியாதவரை நாம் செய்யும் கிரியை கையின் செயலாகவே நிற்கும். கருத்தின் செயல் ஆகாது.

பாரத நாட்டில் இவ்வினாவை ஆராய்ந்தோர் இரு பெரும் பிரிவினராக நின்றனர். வேத சிவாகம வழி நின்றோர், உடலின் வேறாய் உயிர் உண்டு என்றனர். புத்தர் பெருமான் வழி நின்றோர், நிலைத்த ஆன்மா என ஒன்று இல்லை என்றனர். ஆயினும், வினை உண்டென்பதையும் மறுபிறப்பு உண்டென்பதையும் வீடுபேறு உண்டென்பதையும் இருவரும் உடன்பட்டனர். இவ்வளவும் உடன்பட்டவர்கள் உயிர் என்னும் ஒன்றில் மாறுபட்டமையால் அவ்வாதம் மிக நுட்பமாயிற்று. ஆயிரம் ஆண்டுகளையும் கடந்து நீண்டது. அதன் வரலாற்றை இந்நாளில் சுருக்கமாகக் காண்பாம்.

உபநிடதங்கள் காட்டிய நெறி

கடோபநிடதத்தில் நசிகேதன் என்னும் சிறுவன் யமனுடைய மனைக்குச் செல்கின்றான். மூன்று வரம் பெறும் உரிமை அவனுக்குக் கிடைக்கின்றது. மூன்றாவது வரமாக அவன் கேட்டது பொன்னும் அன்று, நெடுவாழ்வும் அன்று. மனிதன் இறந்தபின் இருக்கின்றான் என்று சிலரும், இல்லை என்று சிலரும் கூறுகின்றனரே, உண்மை யாது என்பதே அவன் கேட்டது. யமன் வேறு எதனையேனும் கேள் என்று பல செல்வங்களைக் காட்டியும் அச்சிறுவன் இணங்கவில்லை. அவ்வுபநிடதத்தின் முடிவில் ஓர் உவமை வருகின்றது. முஞ்சிப்புல்லின் உறையிலிருந்து உள்ளிருக்கும் தண்டினைப் பொறுமையோடு உருவி எடுப்பதுபோல, உடலினின்றும் ஆன்மாவைப் பிரித்து உணர்தல் வேண்டும் என்பது அவ்வுவமை. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம்; இவ்வுவமை மீண்டும் ஓர் எதிர்பாராத இடத்தில் வரும்.

சாந்தோக்கியத்தில் மற்றொரு வரலாறு உண்டு. தேவர் தலைவன் இந்திரனும் அசுரர் தலைவன் விரோசனனும் ஆன்மாவை அறிய விரும்பிப் பிரசாபதியிடம் சென்று 32 ஆண்டுகள் மாணாக்கராய்த் தங்கினர். நீரில் தோன்றும் உருவைக் காட்டி அதுவே ஆன்மா என்றார் பிரசாபதி. விரோசனன் அவ்வளவில் நிறைவெய்தி, உடலே ஆன்மா என்று அசுரர்க்குப் போதிக்கச் சென்றான். இந்திரனோ வழியிலேயே ஐயுற்றான். உடல் குருடாயின் ஆன்மாவும் குருடாகுமே, உடல் அழியின் ஆன்மாவும் அழியுமே என எண்ணித் திரும்பி வந்தான். கனவில் உலவுவது ஆன்மா எனக் கேட்டான். அதிலும் அச்சமும் அழுகையும் கண்டான். கனவற்ற உறக்கத்தில் இருப்பது ஆன்மா எனக் கேட்டான். அங்கே தன்னையும் அறியாத நிலையைக் கண்டான். இவ்வாறு திரும்பத் திரும்ப வந்து 101 ஆண்டுகள் நிறைந்தபின்னரே உண்மையைப் பெற்றான். உடலோடு அமைந்துவிடுபவன் விரைவில் மன நிறைவு பெறுவான் என்பதும், உண்மையை நாடுபவன் ஐயத்தோடு நெடுநாள் காத்திருக்க வேண்டும் என்பதும் இவ்வரலாற்றால் பெறப்படும்.

பிருகதாரணியகத்தில் யாஞ்ஞவல்கியர், புல்லின் நுனியை அடைந்த புழு, அடுத்த புல்லைப் பற்றிக்கொண்டு தன்னை அங்கே இழுத்துக்கொள்வதுபோல உயிர் ஓருடலை விட்டு வேறோருடலைப் பற்றும் என்று விளக்குகின்றார். தைத்திரீயமோ, அன்னமயம், பிராணமயம், மனோமயம், விஞ்ஞானமயம், ஆனந்தமயம் என 5 கோசங்களை ஒன்றினுள் ஒன்றாக அமைத்துக் காட்டுகின்றது. பருவுடலுக்கு உள்ளே அதனினும் நுண்ணியது உண்டு, அதற்கும் உள்ளே உண்டு என்னும் கருத்து இங்கே தெளிவாகின்றது.

நுண்ணுடம்பின் கணக்கு

பருவுடல் சுடுகாட்டில் எரிகின்றது. உயிரோ வடிவமற்றது. வடிவமற்ற உயிர் தன் வினையையும் பழக்கத்தையும் சுமந்துகொண்டு அடுத்த பிறவிக்கு எவ்வாறு செல்லும்? இதற்கு விடையாக எழுந்ததே சூக்கும சரீரம் என்னும் நுண்ணுடம்பு. அது கண்ணாற் காணப்படாதது. ஆயினும் மாயையின் காரியம் ஆதலின் சடமே என்பது நம் கொள்கை. நுண்ணியதாய் இருத்தலால் அதனை உயிர் என மயங்குவோர் பலர். நுண்மை வேறு, அறிவு வேறு என்பதை உணர்தல் வேண்டும்.

இந்நுண்ணுடம்பின் உறுப்புகளை எண்ணுவதில் நூல்கள் வேறுபடும். ஈசுவரகிருட்டிணரின் சாங்கிய காரிகை வழியினர் புத்தி, அகங்காரம், மனம், அறிவுப்பொறி 5, தொழிற்பொறி 5, தன்மாத்திரை 5 என 18 கூறுவர். வேதாந்த நூலார் பொறிகள் 10, வாயுக்கள் 5, மனம், புத்தி என 17 கூறுவர். சைவசித்தாந்தம் சத்தம், பரிசம், உருவம், இரசம், கந்தம் என்னும் தன்மாத்திரை ஐந்தும், மனம், புத்தி, அகங்காரம் என்னும் மூன்றும் கூடிய எட்டினையே புரியட்டகம் என்று கொள்ளும். எண் வேறாயினும் கருத்து ஒன்று. புலன்களின் நுண்மையும் நினைக்கும் கருவியும் சேர்ந்த ஒரு பொதி, உயிரைத் தொடர்ந்து செல்கின்றது.

சைவம் இவ்வளவில் நில்லாது, 36 தத்துவங்களையும் வகுத்து, பருவுடல், நுண்ணுடல், குணவுடல், கஞ்சுகவுடல், காரணவுடல் என ஐவகை உடல்களையும் காட்டும். இத்துணை நுட்பமாகப் பகுத்ததன் நோக்கம் ஒன்றே. இதுவும் நீ அல்லை, இதுவும் நீ அல்லை என ஒவ்வொன்றாக நீக்கிக் காட்டி, இறுதியில் நிற்பவனை அவனுக்கே அறிவித்தலே அந்நோக்கம்.

புத்தர் பெருமான் மொழிந்தது

புத்தர் பெருமான் காசிக்கு அண்மையில் உள்ள மிருகதாவம் என்னும் மான்காவில், கொண்டஞ்ஞர் முதலிய 5 துறவிகளுக்குத் தம் முதல் உரையை ஆற்றினார். அவ்வைவர்க்கே அவர் ஆற்றிய இரண்டாம் உரை, அனாத்ம இலக்கணம் பற்றியது. மனிதன் எனப்படுபவன் உருவம், வேதனை, குறிப்பு, பாவனை, விஞ்ஞானம் என்னும் 5 கந்தங்களின் கூட்டமே என்பது அவர் கொள்கை. இவற்றுள் எதனையும் ஆன்மா எனக் கொள்ளுதல் கூடாது. உருவம் ஆன்மாவாயின் அது நோயுறாது. என் உடல் இவ்வாறு ஆகுக, இவ்வாறு ஆகற்க என்றால் அது கீழ்ப்படிய வேண்டும். அவ்வாறு கீழ்ப்படியக் காணோம். ஏனைய நான்கும் அவ்வாறே. நிலையாததும் துன்பம் தருவதும் மாறுவதுமாகிய ஒன்றை, இது என்னுடையது, இது நான், இது என் ஆன்மா என்று கொள்ளுதல் தகுமோ என்று அவர் வினவினார். தகாது என்றனர் ஐவரும்.

சைவர்களாகிய நாம் இவ்வுரையைச் சினத்தோடு கேட்கற்பாலம் அல்லேம். அவர் நாடியது பற்றறுத்தல். நான் என்னும் வேர் அறாதவரை துன்பம் அறாது என்பதைக் கண்டே அவர் இவ்வாறு உரைத்தார். வச்சகோத்தன் என்னும் துறவி ஒருவன் வந்து, ஆன்மா உண்டோ என்று கேட்டபோதும் அவர் மௌனமாயிருந்தார். இல்லையோ என்று கேட்டபோதும் மௌனமாகவே இருந்தார். உண்டு என்றால் ஆன்மா என்றும் நிலைத்தது என்பாரைச் சார்ந்ததாகும், இல்லை என்றால் கேட்டவன் மேலும் மயங்குவான் என்று பின்னர் ஆனந்தரிடம் காரணம் கூறினார். இம்மௌனத்தைப் பின்வந்த பௌத்தர்கள் பலவாறு விரித்தனர்.

இனி, முன்னர்க் கூறிய முஞ்சிப்புல்லின் உவமைக்கு வருவாம். தீக நிகாயத்தின் இரண்டாம் சூத்திரத்தில், மகத மன்னன் அசாதசத்துருவுக்குத் துறவின் பயனைப் புத்தர் விளக்குகின்றார். தியானம் முதிர்ந்த துறவி, தன் உடலினின்றும் மனத்தாலாகிய வேறோர் உடலைத் தோற்றுவிப்பான். அது எல்லா உறுப்புகளும் நிறைந்தது என்கின்றார். அதற்கு அவர் காட்டும் உவமைகள் மூன்று. முஞ்சிப்புல்லின் உறையிலிருந்து தண்டினை உருவுதல், உறையிலிருந்து வாளினை உருவுதல், பாம்பினைச் சட்டையிலிருந்து பிரித்தல். கடோபநிடதம் ஆன்மாவுக்குக் காட்டிய உவமையையே புத்தர் நுண்ணுடம்புக்குக் காட்டுகின்றார். உடலுக்குள் நுண்ணுடல் உண்டென்பதில் இரு சாராரும் ஒத்தனர் என்பதும், அதற்கும் உள்ளே நிற்பவன் ஒருவன் உண்டோ என்பதில்தான் பிரிந்தனர் என்பதும் இதனால் விளங்கும்.

தேரும் விளக்கும்

கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் சாகல நகரிலிருந்து ஆண்ட யவன மன்னன் மிலிந்தனுக்கும் நாகசேனர் என்னும் துறவிக்கும் நிகழ்ந்ததாகக் கூறப்படும் உரையாடல் மிலிந்த பஞ்ஞம் என்னும் பாலி நூலில் உள்ளது. நாகசேனன் என ஒருவனும் இல்லை, அது வெறும் பெயரே என்றார் துறவி. மன்னன் வியந்தான். நீ எதில் வந்தாய் என்று துறவி கேட்க, தேரில் வந்தேன் என்றான் மன்னன். அச்சோ தேர், சக்கரமோ தேர், நுகமோ தேர் எனத் துறவி ஒவ்வொன்றாக வினவினார். எதுவும் அன்று என்றான். உறுப்புகளின் கூட்டத்திற்குத் தேர் என்பது பெயர் ஆனாற்போல, கந்தங்களின் கூட்டத்திற்கு நாகசேனன் என்பது பெயர் என்று முடித்தார்.

அங்ஙனமாயின் மறுபிறப்பில் பிறப்பவன் யார் என்று கேட்டான் மன்னன். அவனே அல்லன், வேறொருவனும் அல்லன் என்றார் நாகசேனர். இரவு முழுதும் எரியும் விளக்கின் முதல் யாமச் சுடரும் கடை யாமச் சுடரும் ஒன்றல்ல. ஆயினும் வேறு விளக்கும் அல்ல. பிறர் தோட்டத்து மாங்கனியைத் திருடியவன், உரியவன் நட்ட கனி வேறு, நான் பறித்த கனி வேறு என்று சொல்லித் தப்ப முடியாது. பின்னது முன்னதிலிருந்து வந்தமையால் குற்றம் குற்றமே. அவ்வாறே வினையும் தொடரும் என்றார்.

இது எளிதில் தள்ளத்தக்க விடை அன்று. 5-ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்து மகாவிகாரையில் விசுத்திமார்க்கம் இயற்றிய புத்தகோசரும், எதிரொலி, விளக்கின் ஒளி, முத்திரைப் பதிவு, நிழலுரு ஆகிய உவமைகளால், ஒன்றும் பெயர்ந்து செல்லாமலே பிறவி தொடரும் என்று விளக்கினார்.

பௌத்தருக்குள் எழுந்த பிணக்கு

ஆயினும் பௌத்தர் அனைவரும் இவ்விடையோடு அமையவில்லை. வாற்சீபுத்திரீயர் என்னும் பிரிவினர், கந்தங்களோடு ஒன்றென்றும் வேறென்றும் சொல்லவொண்ணாத புற்கலன் ஒருவன் உளன் என்றனர். விறகும் தீயும் போல என்பது அவர் உவமை. அசோகன் காலத்தில் மொக்கலிபுத்த திச்சர் அருளியதாகப் பௌத்தர் போற்றும் கதாவத்து என்னும் நூலின் முதல் வாதமே இப்புற்கலக் கொள்கையை மறுப்பதாகும். நூற்றாண்டுகள் பல கழிந்தபின் வசுபந்து தம் அபிதர்ம கோசத்தின் இறுதிப் பகுதியையும் இம்மறுப்புக்கே ஒதுக்கினார். மறுத்தபின்னும் மறுக்க வேண்டியிருந்தது என்பதிலிருந்தே அவ்வினாவின் வலிமை புலனாகும்.

இறப்புக்கும் பிறப்புக்கும் இடையே நுண்ணிய ஓர் இடைநிலை உயிரி உண்டென்றனர் சருவாத்திவாதிகள். அதனை அந்தராபவம் என்பர். அது 7 நாள் நிற்கும் என்றும் 49 நாள் நிற்கும் என்றும் பல கருத்துகள் எழுந்தன. தேரவாதிகளோ இடைநிலை இல்லை என மறுத்தனர். யோகாசாரர், கணந்தோறும் மாறினும் வினை வித்துகளைத் தாங்கிச் செல்லும் ஆலய விஞ்ஞானம் ஒன்று உண்டென்றனர். பிற்காலத்து வச்சிரயானத்தினர் நாடிகளும் சக்கரங்களும் உடைய நுண்ணுடம்பை விரித்தனர். நம் யோக நூல்களின் இடை, பிங்கலை, சுழுமுனைக்கு நேராக அவர்கள் இலலனை, இரசனை, அவதூதி என்பர். நம்மவர் 6 ஆதாரம் எண்ணும் இடத்தில் ஏவச்சிர தந்திரம் 4 சக்கரம் எண்ணும். 11-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த நாரோபரின் பெயரால் வழங்கும் 6 யோகங்கள் திபெத்து நாட்டில் இன்றும் பயிலப்படுகின்றன. நிலைத்த ஆன்மாவை ஏற்காதவர்களும் வினையைச் சுமந்து செல்லும் ஒன்றைத் தேடிக்கொண்டே இருந்தனர் என்பது இவ்வரலாற்றால் போதரும்.

தமிழகத்தில் இவ்வாதம்

இவ்வாதம் வடநாட்டில் மட்டும் நிகழ்ந்தது என எண்ணற்க. 7-ஆம் நூற்றாண்டில் காஞ்சிக்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், அங்கே 100 அளவிலான சங்காராமங்களும் 10,000 துறவிகளும் இருந்தமையைக் குறித்துள்ளார். சாத்தனார் இயற்றிய மணிமேகலை பௌத்த தருமத்தைத் தமிழில் விரித்துரைத்தது. அதில் ஆபுத்திரன் வரலாறு நம் பொருளுக்கு மிக ஏற்றது. அமுதசுரபியால் பசிப்பிணி போக்கிய ஆபுத்திரன், மணிபல்லவத் தீவில் தனித்து விடப்பட்டு, உண்ணா நோன்பால் உயிர் துறந்தான். பின்னர்ச் சாவக நாட்டில் புண்ணியராசன் என்னும் அரசனாகப் பிறந்தான். மணிமேகலையின் வழிகாட்டலால் அத்தீவுக்கு வந்த அவ்வரசன், மணலைத் தோண்டித் தன் முற்பிறப்பின் எலும்புக்கூட்டைத் தானே கண்டு திகைத்து நின்றான்.

அன்பர்களே, அக்காட்சியை எண்ணிப் பாருங்கள். கீழே கிடப்பது என் எலும்பு என்று மேலே நிற்பவன் சொல்லுகின்றான். அந்த எலும்புக்கும் இந்த அரசனுக்கும் இடையே உடலால் யாதொரு தொடர்பும் இல்லை. என் என்னும் அச்சொல்லின் உரிமை எங்கிருந்து வந்தது? தொடர்ச்சி என்பர் பௌத்தர். தொடர்ந்து வந்தவன் என்பர் சைவர். இரண்டு சொல்லுக்கும் இடையே உள்ள சிறு வேறுபாட்டில்தான் இரு சமயங்களும் பிரிகின்றன.

சேக்கிழார் பெருமான் பாடிய சாக்கிய நாயனார் வரலாறும் இதனையே காட்டும். சங்கமங்கையில் தோன்றி, பிறவி நீங்கும் வழி நாடிக் காஞ்சி சென்று சாக்கியம் சார்ந்தவர் அவர். ஆராய்ச்சியின் முடிவில், வினை, அதனைச் செய்பவன், அதன் பயன், பயனைக் கூட்டுபவன் என நான்கும் வேண்டும் என்றும், இந்நான்கும் சைவத்திலன்றி இல்லை என்றும் தெளிந்தார். வேடத்தை மாற்றாமலே, நாள்தோறும் கல்லெறிந்து சிவலிங்க வழிபாடு செய்து வீடுபெற்றார். பௌத்தம் வினையையும் பயனையும் உடன்பட்டது. செய்பவனையும் கூட்டுபவனையும் அவர் அங்கே காணவில்லை.

போதிமங்கையில் திருஞானசம்பந்தப் பெருமானுக்கும் சாரிபுத்தன் என்னும் பௌத்தத் தலைவனுக்கும் நிகழ்ந்த வாதத்தையும் சேக்கிழார் விரிக்கின்றார். ஐந்து கந்தமும் அழிவதே முத்தியாயின், உங்கள் தலைவருக்கு நீங்கள் செய்யும் வழிபாட்டை ஏற்பவர் யார் என்பது அவ்வாதத்தில் எழும் வினா. வியப்பு யாதெனின், மிலிந்த மன்னனும் ஏறத்தாழ இவ்வினாவையே நாகசேனரிடம் கேட்டிருக்கின்றான். அணைந்த தீ விறகை ஏற்பதில்லை. ஆயினும் மக்கள் தம் முயற்சியால் தீயை உண்டாக்கிப் பயன் பெறுவர். அவ்வாறே, ஏற்பவர் இல்லாவிடினும் வழிபட்டவர் பயன் பெறுவர் என்றார் அவர். நம் அடியார்களுக்கோ அது போதவில்லை. அழைத்தால் கேட்பவன் வேண்டும் என்பதே பத்திநெறியின் உயிர்நாடி. மாணிக்கவாசகப் பெருமான் தில்லையில் ஈழத்துப் பௌத்தர்களோடு வாதிட்டதும், ஊமையாயிருந்த அரசன் மகள் வாய்திறந்து விடை கூறியதும், அதுவே திருச்சாழல் ஆயிற்று என்பதும் திருவாதவூரடிகள் புராணம் கூறும் செய்திகள்.

வாதம் கடுமையாயினும் வாழ்வு முற்றும் பகையாகவில்லை. தஞ்சைப் பெருவுடையார்க்குக் கற்றளி எடுத்த முதலாம் இராசராசன் காலத்தில்தான், சீவிசய அரசர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரை எடுத்தனர். அவ்விகாரைக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரினைச் சிவபாதசேகரனாகிய அம்மன்னனே பள்ளிச்சந்தமாக அளித்ததை ஆனைமங்கலச் செப்பேடு கூறும்.

மெய்கண்டார் தீர்ப்பு

13-ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் மெய்கண்டதேவர் 12 சூத்திரங்களில் சிவஞானபோதத்தை அருளினார். அதன் மூன்றாம் சூத்திரம் உயிர் உண்டென்பதை நிறுவுவது. இல்லை என்று மறுக்கும்போதும் மறுக்கின்ற அறிவு ஒன்று உளதன்றோ? அதுவே உயிர். என் உடல் என்று வேறுபடுத்திச் சொல்லுவதால் உடல் உயிர் அன்று. ஒரு பொறி அறிந்ததை மற்றொரு பொறி அறியாது. ஐந்தையும் அறிவது ஒன்று இருத்தலால் பொறிகள் உயிர் அல்ல. நுண்ணுடம்பே உயிர் ஆகாதோ எனின், கனவில் அந்நுண்ணுடம்பு கண்டதை நனவில் வந்து, நான் கண்டேன், அது ஒடுங்கிற்று என்று அறிவது வேறொன்று. ஆழ்ந்த உறக்கத்தில் மூச்சு ஓடியும் இன்ப துன்ப நுகர்ச்சி இல்லை. ஆதலின் பிராணனும் உயிர் அன்று. இவ்வாறு, நுண்ணுடம்பையும் நீக்கி அதற்கு அப்பால் நிற்பதை நம் ஆசிரியர் காட்டினார்.

உயிர் உடல் விட்டுச் செல்லுதற்கு அவர் காட்டும் உவமைகளுள் ஒன்று பாம்பு தோல் உரித்தல். மற்றொன்று நனவிலிருந்து கனவுக்குச் செல்லுதல். அசாதசத்துருவுக்குப் புத்தர் காட்டிய அதே பாம்பின் உவமை, நடுநாட்டில் நம் ஆசிரியர் வாக்கில் வேறு பொருள் தாங்கி நிற்கின்றது. வினை நுகர்ந்த பருவுடல் சட்டையாய்க் கழிகின்றது. நுண்ணுடம்பைத் துணையாகக் கொண்டு உயிர் செல்கின்றது.

அவர் மாணவர் அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியாரின் பரபக்கத்தில் சௌத்திராந்திகர், யோகாசாரர், மாத்தியமிகர், வைபாடிகர் என்னும் பௌத்தர் நால்வரையும் தனித்தனியே எடுத்து மறுக்கின்றார். கணந்தோறும் அறிவு தோன்றி அழியுமாயின், நேற்றுக் கண்டதை இன்று நினைப்பவன் யார்? முன்னைய அறிவு பின்னைய அறிவுக்குத் தன் வாசனையைத் தந்து அழியும் என்பர் பௌத்தர். தருவது நிற்கும்போது பெறுவது பிறந்திருந்தால், அது கணம் கடந்து நின்றதாகும். தருவது அழிந்தபின் பெறுவது பிறந்தால், கொடுக்க ஒருவரும் இல்லை. விளக்கு எரிதற்குத் திரியும் நெய்யும் தாங்கும் அகலும் வேண்டும். முதல் யாமச் சுடரையும் கடை யாமச் சுடரையும் கண்டு ஒப்பிடுவதற்கு இரவு முழுதும் விழித்திருப்பவனும் வேண்டும் என்பதே சைவத்தின் விடை.

பலிபீடத்தின் முன்

இனி, புத்தர் பெருமான் எழுப்பிய வினாவுக்கு நேரே விடை கூறுதல் வேண்டும். உடல் என்னுடையதாயின் என் சொற் கேளாதது ஏன் என்றார் அவர். சைவம் இதனை மறுக்கவில்லை. உடல் நம் சொற் கேளாதது உண்மையே. நோய் வருகின்றது, நரை வருகின்றது, தடுக்க இயலவில்லை. இதிலிருந்து உடையவன் இல்லை என்று பௌத்தம் முடிவு செய்தது. இவ்வுடலுக்கு உயிர் உடையவன் அன்று, இறைவனே உடையவன் என்று சைவம் முடிவு செய்தது. மாயையிலிருந்து இறைவன் எடுத்துக் கொடுத்த இரவற்பொருள் உடல். இரவல் வாங்கியவன் தன் விருப்பம்போல் அதனை ஆள முடியாது. அதனால் வாங்கியவனே இல்லை என்று ஆகிவிடாது.

சைவம் கூறும் உயிர், தானே அறிந்து தானே நிற்கும் தனியரசு அன்று. அறிவித்தால் அறிவது, சார்ந்ததன் வண்ணமாவது. செம்மலரைச் சார்ந்த படிகம் சிவந்து தோன்றுவதுபோல, மலத்தைச் சார்ந்தால் மலமாய் நிற்கும். சிவத்தைச் சார்ந்தால் சிவமாய் நிற்கும். ஆதலாலேயே அதனைச் சதசத்து என்றனர். நான் என்றும் எனது என்றும் தருக்குவது உயிரின் இயல்பு அன்று, ஆணவமலத்தின் இயல்பு. புத்தர் பெருமான் அறுக்க வேண்டும் என்ற அந்த நான், நாமும் அறுக்க வேண்டும் என்னும் தற்போதமே. அதனை அறுத்தபின் ஒன்றும் எஞ்சாது என்பதில் நாம் உடன்படவில்லை; எஞ்சுவது திருவடியைச் சார்ந்த அடிமை என்கின்றோம்.

உயிர் உண்டென்று வாதில் நிறுவிவிட்டு, நான் எனது என்னும் செருக்கை விடாதிருப்போமாயின், பௌத்தரை வென்ற நாம் ஆணவத்திடம் தோற்றவர் ஆவோம். உயிர் இல்லை என்று கூறியும் நான் எனது என்பதை விட்டொழித்த துறவியின் முன்னர் நம் வெற்றி நாணி நிற்கும். இதனை எண்ணியே போலும், நம் முன்னோர் கொடிமரத்தை அடுத்துப் பலிபீடத்தை அமைத்து வைத்தனர். அங்கே வீழ்ந்து வணங்கும்போது பலியிட வேண்டியது தற்போதம் ஒன்றே என்பர் பெரியோர்.

உறவினர் மறைந்த இல்லங்களில் தீபம் ஏற்றுவோர்க்கும் இதனையே ஆறுதலாகக் கூறுகின்றோம். நாம் நெருப்பிலிட்டது சட்டையை. போன உயிர் நம்முடையதாக என்றும் இருந்ததில்லை. நமக்கு உறவாகச் சில காலம் தந்து வைத்தவன், அதன் நுண்ணுடம்பையும் வினையையும் அறிவான். அடுத்த கூட்டையும் அவனே அமைப்பான். மலபரிபாகம் வந்தால் கூடின்றியே ஏற்றுக்கொள்வான். யாருக்காக இத்தீபம் என்று கேட்டால், அவ்வுயிர்க்காகவும், அதனை உடையவன்முன் என்னுடையது என்னும் சொல்லை நாம் கீழே வைப்பதற்காகவும் என்று விடை கூறுங்கள்.

திருச்சிற்றம்பலம்.